தந்தப் பெட்டியும் ஒரு வாழ்த்துப்பாவும்

என் கணவரோடு நான் முதன்முதலாகப் பிரெஞ்சில் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொன்றியல் அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால்.

"மெஸ்ஸியே, தயவுசெய்து கொஞ்சம் பின்னால் நில்லுங்கள்" என்றேன்.

அப்படிச் சொல்வதுதான் என் வேலை. நான் அங்கே காவலாளி. கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு, காதில் ஒரு வயர். கண்ணாடியில் மூக்கை ஒட்டுகிறவர் யாராக இருந்தாலும் அதே வசனத்தை அதே சிரிப்போடு சொல்லவேண்டும். பக்கத்தில் நாலைந்து பார்வையாளர்கள், வாசலில் மேற்பார்வையாளர். அவர்களுக்கு முன்னால் "இஞ்சாருங்கோ, அரக்கி நில்லுங்கோ" என்று சொல்ல முடியுமா?

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பார்தோன்" என்று ஓரடி பின்வாங்கினார். மூன்று செக்கனில் மறுபடி குனிந்துவிட்டார்.

எங்களுக்குள் அப்போது இரண்டு மாதமாகப் பேச்சு என்று பெரிதாக எதுவும் இல்லை. "சோறு போடவோ?" "ஓம்." "பஸ் போயிட்டுது." "சரி." ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், இரண்டு வாடகைக் குடியிருப்பாளர் மாதிரி இருந்தோம். பிழை என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்த வாரத் தொடரை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இடையில் ஒன்று. லாவாலிலிருந்து ஒரு வாசகர், நான் எதற்குமே ஆண்டு எழுதுவதில்லை என்று குறைப்பட்டிருக்கிறார். ஐயா, இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் வேலைச் சப்பாத்துகளை வைத்துக் காலம் பார்க்கிறவள். இது மூன்றாவது சோடி தேய்ந்துகொண்டிருந்த பனிக்காலம்.

பால்மா டின் அளவு

அந்தக் கண்காட்சி பனி தொடங்கும்போது வந்து பனி கரையும்போது போனது. மத்திய கால அரசவைகளில் செய்த பொருட்கள். ஒரு பக்கம் கலீபாக்களும் சுல்தான்களும், மறுபக்கம் கிறிஸ்தவ அரசர்கள். இரண்டு பக்கமும் அப்போது ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டும், ஒருவரின் பொருளை மற்றவர் ஆசைப்பட்டு எடுத்து வைத்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

என்னை நிறுத்திய இடம் மூன்றாவது அறை. அதன் நடுவில் யானைத் தந்தத்தில் குடைந்த ஒரு உருண்டைப் பெட்டி. பால்மா டின் அளவுதான் இருக்கும். பழுத்த பல்லின் நிறம். மூடி குவிந்து, அதன் விளிம்பைச் சுற்றி அரபு எழுத்து. முன்பக்கத்தில் ஒரு அரசன் கையில் கிண்ணத்தோடு மேடையில் உட்கார்ந்திருப்பான். அவன் மட்டும் பெரிது. விசிறி பிடிக்கிறவன், யாழ் மாதிரி ஒன்றை மீட்டுகிறவன் எல்லாம் சிறிசு. மிச்ச இடம் முழுக்க இலையும் கொடியும்.

கூண்டின் முன்பக்கம் சனத்துக்கு, பின்பக்கம் எனக்கு. சுவரோடு நிற்கிற எனக்கு மூன்று மாதமும் கிடைத்தது இலையும் கொடியும்தான்.

சாயக்கூடாது, உட்காரக்கூடாது, வாசிக்கக்கூடாது. ஒரு பொருளுக்குப் பக்கத்தில் எட்டு மணித்தியாலம் நின்றால் ஒன்றில் அது உங்களுக்குச் சொந்தமாகிவிடும், இல்லாவிட்டால் விசர் பிடிக்கும். எனக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடந்தது.

கரீம் வாசித்தது

அடுத்த அறைக் காவலாளி கரீம் மொரோக்கோக்காரர். ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். இடைவேளை மாறும்போது இரண்டு நிமிடம் என் அறையில் நிற்பார். ஒருநாள் அந்த எழுத்தை வாசித்துச் சொல்லும்படி கேட்டேன்.

அவர் கழுத்தைச் சாய்த்து, கூண்டைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பழைய எழுத்து, கோணல்மாணலாக இருக்கிறது என்று முணுமுணுத்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். ஆசியும் நலமும் மகிழ்ச்சியும் நீண்ட ஆயுளும் இன்னாருக்கு உண்டாகட்டும். இன்னார் என்பது ஒரு பெரிய அரண்மனை அதிகாரி.

"செய்தவனின் பெயர்?" என்று கேட்டேன்.

"இதில் இல்லை" என்றார். "சில பெட்டிகளில் இருக்குமாம். இதில் இல்லை."

கதை அதோடு முடியவில்லை. பிற்காலத்தில் ஏதோ ஒரு போரில் பெட்டி கைமாறி ஒரு தேவாலயத்துக்குப் போயிருக்கிறது. அங்கே ஒரு புனிதரின் எலும்பை அதற்குள் வைத்தார்கள். பிறகு பல நூறு வருடம் குருமார் அதைப் பட்டுத்துணியில் ஏந்தி, முத்தமிட்டு, ஊர்வலம் கொண்டுபோயிருக்கிறார்கள். சுற்றிவர ஒரு முஸ்லிம் அதிகாரிக்கு ஆயுள் வேண்டுகிற எழுத்து அப்படியே இருந்தது. ஒருவரும் சுரண்டவில்லை. வாசிக்கத் தெரியாமல் விட்டார்களோ, தெரிந்தும் வடிவாக இருக்கிறதே என்று விட்டார்களோ, ஆருக்குத் தெரியும்?

கரீமின் அறையில் இன்னொரு வேடிக்கை இருந்தது. மரப்பலகையில் வரைந்த மாதா. அவளுடைய நீலச் சால்வையின் கரையில் பொன் எழுத்துகள். பார்த்தால் அரபு மாதிரியே இருக்கும். கரீம் விழுந்து விழுந்து சிரித்தார். அது எந்த எழுத்துமே இல்லையாம். கிழக்கிலிருந்து வந்த அரச பட்டுத்துணியைப் பார்த்து, அந்தக் கோடுகள்தான் மகிமை என்று நினைத்து ஓவியன் போட்டுவிட்டான். படத்தின் மூலையில், சாண் உயரத்தில் ஒரு அரசன் முழந்தாளில் நின்றான். படத்தைச் செய்வித்தவன் அவன். மாதாவின் காலடியில் தன்னையும் கொண்டுவந்து நட்டுவிட்டான்.

எங்கள் பொன்னாடை

மூன்றாவது அறையில் கிழிந்த துணித்துண்டு ஒன்றும் இருந்தது. கைக்குட்டை அளவு. அதன் கரையில் கலீபாவின் பெயர் நெய்திருந்தது. அந்த நாளில் அரசன் ஒருவனுக்கு மரியாதை செய்வதென்றால் தன் பெயர் நெய்த ஆடையைப் போர்த்துவானாம். போர்த்துக்கொண்டவன் அவனுடைய ஆள். யாருடைய பெயரைத் தோளில் சுமக்கிறாய் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

பக்கத்துச் சுவரில் பெரிய படமொன்று. சிசிலித் தீவை ஆண்ட கிறிஸ்தவ அரசன் ஒருவனுக்காகத் தைத்த சிவப்பு மேலாடை, சுற்றிவர அரபு எழுத்து. பின்னால் வந்த பேரரசர்கள் முடிசூடும்போது அதையே போர்த்துக்கொண்டார்களாம்.

இதையெல்லாம் பார்த்தபோது எனக்கு எங்கள் சங்கம் ஞாபகம் வந்ததில் என்ன ஆச்சரியம்? மொன்றியலில் எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடினால் ஒரு சங்கம், சங்கம் கூடினால் ஒரு விழா, விழா என்றால் பொன்னாடை. போர்த்திய பொன்னாடை மடித்தபடியே அடுத்த விழாவில் இன்னொருவர் தோளுக்குப் போகும். எங்கள் அலுமாரியில் ஒருமுறை ஐந்து கிடந்தன. ஒன்றில் முந்தி யாரோ சிந்திய சாம்பார்க் கறை.

எங்கள் சங்கத்துக்குத் தலைவர் நவம் அண்ணை. வீடு வாங்கி விற்கும் முகவர், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் பெரிய வீடு. ஆள் கெட்டவர் இல்லை. செத்த வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் முதலில் ஓடி வருகிறவர். ஆனால் புகழ்ச்சி என்றால் பாலைப் பார்த்த பூனைதான். ஒவ்வொரு விழாவிலும் அவருக்கு ஒரு வாழ்த்துப்பா வேண்டும், அதுவும் மரபுக் கவிதையாக, சட்டம் போட்டு மாட்டக்கூடியதாக.

அந்த வாழ்த்துப்பாக்களை எழுதி வந்தவர் என் கணவர் குலசிங்கம்.

டொலார்டில் ஒரு விருந்து

அவர் லாசாலில் ஒரு பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. காலை ஆறு மணிக்குப் போவார். வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுக் குசினி மேசையில் கொப்பியை விரிப்பார். வருடத்துக்கு ஒரு நாடகம். எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் ஒத்திகை, சித்திரைக் கலைவிழாவில் நாற்பது நிமிட மேடை. அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் அவர் மிச்ச வருடத்தைக் கழித்தார் என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. நான் பார்த்தது வாழ்த்துப்பாவை மட்டும்தான். என் மனிசன் எழுத்தில் ஒருத்தருக்குக் குனிகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் எரியும்.

புதுவருடத்தை ஒட்டி நவம் அண்ணை வீட்டில் மத்தியான விருந்து. சங்கத்து ஆட்கள் இருபது இருபத்தைந்து பேர். சப்பாத்துகள் வாசலில் மலைபோல. நான் ரோல்ஸ் தட்டோடு நின்றபோது அவர் கேட்டார்.

"தங்கச்சி, உங்கட மியூசியத்தில என்ன புதினம்?"

என் வாயைப் பற்றி இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். பெட்டியைச் சொன்னேன். பெயர் நெய்த துணியைச் சொன்னேன். சனம் சுற்றிவர வந்து கேட்டது. எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது.

"அரசனைப் புகழாமல் அங்க ஒரு கிண்ணங்கூடச் செய்யேலாது அண்ணை. எல்லாத்திலயும் முதல் அவன்ர பேர்தான். நாங்கள் என்ன குறைஞ்சு போனமோ? இஞ்ச டொலார்ட் அரண்மனைக்கும் ஒரு அரசவைப் புலவர் இருக்கிறார்தானே" என்று சொல்லி, என் கணவரைக் கையால் காட்டினேன்.

வீடு சிரிப்பில் அதிர்ந்தது. நவம் அண்ணைக்குத்தான் அதிக சந்தோசம். "அப்ப நான் கலீபாவோ?" என்று கேட்டு, கதிரையில் கிடந்த மனைவியின் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். யாரோ படம் எடுத்தார்கள்.

என் கணவரும் சிரித்தார். கையில் பாதி கடித்த ரோல்ஸ் இருந்தது. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு அதைத் தொடவில்லை. அதை நான் பார்த்தேன், பார்த்தும் அடுத்த கதைக்குப் போய்விட்டேன்.

பொங்கல் விழாவுக்கு வாழ்த்துப்பா கேட்டு நவம் அண்ணை தொலைபேசி எடுத்தார். "தொண்டை சரியில்லை அண்ணை" என்றார் இவர். எழுதுவதற்கு எதற்குத் தொண்டை? நாடகக் கொப்பி குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, கடை விளம்பரத் தாள்களுக்கு அடியில் போனது. நடிக்க இருந்த ஐந்து பேரும் மாறிமாறிக் கேட்டுப் பார்த்தார்கள். "அடுத்த வருசம் பாப்பம்" என்றார். மாசி நடுவில், நாடகம் இல்லையென்றால் அந்த நாற்பது நிமிடத்தைச் சினிமாப் பாட்டு நடனத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று சங்கத்திலிருந்து செய்தி வந்தது. இவர் "நல்லது" என்று சொல்லி வைத்தார்.

குசினி மேசையில் கொப்பி இல்லாமல் அவர் தேநீர் குடிப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பகிடிதானே விட்டேன் என்று எனக்கு நானே நூறு தரம் சொல்லிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. ஊரைச் சிரிக்க வைக்கிற வாய்க்கு அது கஷ்டமான வேலை.

முந்தி ஒருக்கால்

இங்கே பழைய கதை ஒன்றைச் சொல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்கு விளங்காது.

யாழ்ப்பாணத்தில், எங்களுக்குக் கலியாணம் முடிந்த புதிதில், அவர் ஒரு நாடகம் போட்டார். மூன்று இடத்தில் மேடையேறியது. நாலாவது இடத்துக்கு முதல்நாள், துப்பாக்கி வைத்திருந்தவர்கள் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். நாடகம் நல்லம், ஆனால் கடைசிக் காட்சியில் அந்தத் தாய் இப்படிச் சொல்லக்கூடாது, அப்படிச் சொல்லவேண்டும் என்றார்கள். வசனத்தை எழுதியே கொண்டு வந்திருந்தார்கள்.

இவர் தாளை வாங்கி வாசித்தார். "அந்தத் தாய் இப்பிடிக் கதைக்கமாட்டா தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாவது மேடை நடக்கவில்லை. சில மாதத்தில் நாங்களும் அங்கே இல்லை.

துவக்குக்கு முன்னால் ஒரு வசனம் மாற்றாத மனிசன், இங்கே வந்து வீடு விற்கிறவருக்கு வாழ்த்துப்பா எழுதுகிறாரே. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரைத் தாழ்த்த அல்ல, அந்தப் பழைய ஆளைத் திருப்பிக் கேட்கத்தான் அன்றைக்கு அப்படிச் சொன்னேன் போலிருக்கிறது. ஆனால் இருபத்தைந்து பேருக்கு நடுவிலா கேட்பது?

பின்பக்கம்

அந்த ஞாயிறு கண்காட்சியின் கடைசி நாள். காவலாளிகளுக்குத் தந்த இலவச அனுமதிச்சீட்டை ஒரு மாதத்துக்கு முன்னமே குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன். அவர் வருவார் என்று நம்பவில்லை. சொல்லாமல் வந்து நின்றார். நல்ல கோட்டு, கழுத்தில் டை, சவரம் செய்த முகம்.

முன்பக்கத்து அரசனை அரை நிமிடம் பார்த்தார். மூடியின் எழுத்தைச் சுற்றி நடந்தார். பிறகு என் பக்கம், பின்பக்கம் வந்து நின்றார். அங்கேதான் மூக்கைக் கொண்டுபோனார், நான் பிரெஞ்சில் பேசினேன்.

"பார்தோன்" சொல்லி மறுபடி குனிந்தவர், கண்ணை எடுக்காமல் மெல்லிய குரலில் கேட்டார்.

"இவனைப் பாத்தனீரோ?"

"ஆரை?"

"இஞ்ச. இலைக்குள்ள."

மேற்பார்வையாளர் வேறு பக்கம் திரும்பும்வரை பொறுத்து நானும் குனிந்தேன். இலைக்கும் கொடிக்கும் நடுவில், அரை நகம் அளவில் ஒரு மனிசன். பேரீச்ச மரத்தில் ஏறி நிற்கிறான். தோளில் கூடை. ஒரு கை குலையில். ஒரு கால் மட்டையை விட்டு விலகி அந்தரத்தில். வாய் திறந்திருக்கிறது.

மூன்று மாதம் அவனுக்கு முன்னால் நின்றவள் நான். எழுத்து என்ன சொல்கிறது, யாரைப் புகழ்கிறது என்று விசாரித்து அறிந்தேன். இவனைக் காணவே இல்லை.

"இவன் விழப்போறான்" என்றார் என் கணவர். அவருடைய குரலில் இரண்டு மாதமாக இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. "பயந்து போனான், பாரும். அரசன் இதைக் கேட்டிருக்கமாட்டான். செய்தவன் தன்ர பாட்டில வைச்சிருக்கிறான்."

காவலாளிக்குக் கண் கலங்க அனுமதி இல்லை. சுவரோடு போய் நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

பச்சை வழியில்

ஐந்து மணிவரை அவர் கீழே, கோட்டுக் கொடுக்கிற இடத்து வாங்கிலில் உட்கார்ந்து காத்திருந்தார். இரண்டு பேரும் மெட்ரோவின் பச்சை வழியில், ஆங்கிரினியோன் பக்கம் போகிற வண்டியில் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. என் காலுக்கு அது பெரிய புண்ணியம்.

இரண்டு நிலையம் கழிந்தபின் சொன்னேன். "அண்டைக்கு நான் அப்பிடிச் சொன்னது பிழை. எல்லாருக்கும் முன்னால சொன்னது அதைவிடப் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கையுறையைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார்.

"நீர் சொன்னது பொய்யில்லை. பொய்யெண்டா சுட்டிராது."

"அப்ப ஏன் எழுதினியள்? அங்க அவங்களுக்கு மாட்டனெண்டு சொன்ன ஆள்."

வண்டி குலுங்கியது. எதிரே ஒரு பிள்ளை தாயின் மடியில் நித்திரை. அவர் யோசித்து யோசித்துத்தான் சொன்னார்.

"அங்க அவையள் கேட்டது நாடகத்துக்குள்ள. அந்தத் தாயின்ர வாய்க்குள்ள. இஞ்ச நவம் அண்ணை கேக்கிறது வெளியில நாலு வரி. உள்ளுக்குள்ள அவர் ஒருநாளும் கை வைக்கேல்லை."

"அவருக்கு உள்ளுக்கு என்ன இருக்கெண்டு விளங்கியிருக்காது."

"விளங்காமலோ? போன வருச நாடகத்தில அந்த வீடு விக்கிற ஆள், செத்த வீட்டில நிண்டு வீட்டுக் கதை கதைக்கிறவர், அது ஆரெண்டு நினைக்கிறீர்?"

"அது நவம் அண்ணையோ?"

"மண்டபம் முழுக்கத் தெரியும். உமக்குத்தான் தெரியேல்லை. அவருக்கும் தெரியும். ஒத்திகையில முன்வரிசையில இருந்து பாத்தவர். முடிய வந்து, 'குலம், இந்த ஆளை எனக்குத் தெரியும் போல கிடக்கு' எண்டார். வெட்டுங்கோ எண்டு சொல்லேல்லை."

மிச்ச தூரம் பேசவில்லை. ஆனால் இந்தமுறை அது பழைய பேச்சில்லாமை இல்லை. பஸ் தரிப்பில் பனிச்சேறு. வழுக்கும் என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அவருடைய நாற்பது நிமிடம் போய்விட்டது. வாயால் கெடுத்தவள் நான், அவர் போய்க் கேட்கமாட்டார்.

தலைவருக்கு ஒரு அழைப்பு

அடுத்தநாள் எனக்கு ஓய்வு. இவர் வேலைக்குப் போனதும் டொலார்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நேரமெல்லாம் குடுத்தாச்சே தங்கச்சி" என்றார் நவம் அண்ணை. உண்மையான கவலைதான். "டான்ஸ் பிள்ளையள் உடுப்பெல்லாம் தைச்சுப் போட்டுதுகள். பத்து நிமிசமெண்டா பாக்கலாம்."

"வாழ்த்துப்பா இந்தமுறை ஆர் வாசிக்கினம் அண்ணை?"

"ஆரும் இல்லை. குலத்துக்குத்தான் தொண்டையாமே. மேடை வெறிச்செண்டு கிடக்கப்போகுது."

"நான் வாசிக்கிறன்."

"நீங்களோ?"

"ஓம். நானே எழுதி, நானே வாசிச்சு, பொன்னாடையும் போர்த்துவன். நாடகத்துக்கு நாப்பது நிமிசம் வேணும்."

அவர் சிரித்தார். நீளமாகச் சிரித்தார். "டான்ஸைக் கொஞ்சம் வெட்டுறன்" என்றார். "முப்பத்தைஞ்சு. அதுக்கு மேல ஏலாது."

வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே செய்யுளை அன்றைக்குத் தொடங்கினேன். ஒரு கிழமை எடுத்தது. கைவிரலை மடக்கி மடக்கி எண்ணியதில் அருங்காட்சியக அறைகளில் நின்ற பாதி நேரம் போனது. முடித்ததும் குசினி மேசையில், அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வடதிசைப் பனியினிலும் வாடாத மலர்நீவிர், இடர்வரின் இறங்கிவரும் எங்களது மழைநீவிர்" என்று தொடங்கும். மிச்சத்தை உங்களுக்குத் தரமாட்டேன்.

அவர் வாசித்தார். தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"மழையோ? மொன்றியலில ஆருக்கப்பா மழை வேணும்? இருக்கிற பனி காணாதே? வெயில் எண்டு போடும்."

பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை வெட்டி மாற்றினார். அடுத்த வரிக்கும் பேனா போனது. நான் தாளை இழுத்து எடுத்துக்கொண்டேன்.

"இது என்ர வேலை. உங்களுக்கு வேற வேலை கிடக்கு" என்று, கடை விளம்பரங்களுக்கு அடியிலிருந்து கொப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "முப்பத்தைஞ்சு நிமிசம்தானாம். ஐஞ்சு நிமிசம் வெட்டவேணும்."

"ஐஞ்சோ? எதை வெட்டுறது?" என்று கோபமாகக் கேட்டார். கேட்டபடியே விரித்தார். அந்தக் கோபத்தைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா?

வெயில்நீவிர்

கலைவிழா ஒரு பாடசாலை மண்டபத்தில். நவம் அண்ணைக்கு மேடையில் கலியாணக் கதிரை, சிவப்பு மெத்தையும் பொன் பூச்சுமாக. நான் கூறைச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றேன்.

டொலார்ட் பகிடி அதற்குள் எங்கள் சனம் முழுக்கப் பரவியிருந்தது. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அக்கா, அரசவைப் புலவர் மாறிட்டாரோ?"

மண்டபம் சிரித்தது. என் முகம் கொதித்தது. இருபத்தைந்து பேர் சிரித்ததை அவர் வாங்கிக்கொண்டார், நான் முந்நூறு பேர் சிரித்ததை வாங்கினேன். நியாயம்தான் என்று பட்டது. நடுங்கிய குரலில் முதல் வரியைத் தொடங்கினேன்.

எங்களது வெயில்நீவிர் என்றபோது கைதட்டினார்கள். பகிடிக் கைதட்டல் இல்லை. ஆறுமாதப் பனி தின்ற சனத்துக்கு அந்தச் சொல் உண்மையாகவே பிடித்துவிட்டது.

பொன்னாடையை விரித்து நவம் அண்ணையின் தோளில் போர்த்தினேன். அவர் கும்பிட்டபடியே, உதடு அசையாமல் கேட்டார்.

"தங்கச்சி, இந்தமுறையும் நான் வாறனோ?"

"எதில அண்ணை?"

"நாடகத்திலதான். போனமுறை என்னைக் கொஞ்சம் கூடுதலாப் பேராசைக்காரனாக்கிப் போட்டார்."

"எனக்குத் தெரியாது அண்ணை" என்றேன். அது உண்மை. கொப்பியை எனக்குக் காட்டவில்லை.

கைதட்டல் அடங்கவில்லை. நான் மேடையின் பக்கத் திரையைப் பார்த்தேன். அவர் கேட்டிருப்பார், எனக்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பார், கொஞ்சம் பெருமையும் பட்டிருப்பார் என்று ஒரு நப்பாசை.

என் கணவர் திரைக்குப் பின்னால் முழந்தாளில் நின்று, ஒரு மட்டைக் கதவுக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த வருட நாடகம் லிஃப்ற்றில் அகப்பட்ட ஐந்து பேரின் கதை. கதவு சாய்ந்துகொண்டிருந்தது. வாயில் ஒரு துண்டு நாடா, காதுக்குப் பின்னால் பேனா, சட்டை முதுகில் வேர்வை. நான் நடுங்கி நடுங்கி வாசித்ததில் ஒரு சொல்லும் அந்த மனிசனின் காதில் விழவில்லை.

நாடாவை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். யாரோ வழியில் நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"முடிஞ்சுதெண்டா இறங்குமன் அப்பா" என்றார். "லைற் நிப்பாட்டப்போறம்."

இறங்கினேன்.